உன் மகள் கேட்டதுக்குப் பதில்

மதுரை, கே.கே.நகர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஜெயந்தி,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? அண்ணனை நடக்கிறதை மட்டும் விட வேணாம்னு சொல்லு. இங்க எல்லாரும் சுகம். நம்ம ரெட்டைச்சடை பாட்டியாயிட்டா, தெரியுமா? பேத்திக்கு எப்ப முடி வளரும்னு இப்பவே ரிப்பன் வாங்கி வச்சுட்டுக் காத்திருக்கா.

போன வாரம் உன் மகள் போன் பண்ணினா. ஹவுஸ் சர்ஜன் முடியப் போகுதாம், பல் மருத்துவ மேல்படிப்புக்கு நீட் எம்.டி.எஸ். தேர்வு எழுதப் போறாளாம். "பெரியம்மா, ஆர்த்தோ எடுக்கலாமா? அதுலதான் நல்ல வருமானமாமே"ன்னு கேட்டா. கோணல் பல்லைக் கம்பி கட்டி வரிசைப்படுத்துற என் பிரிவைத்தான் சொல்றா. அந்த நேரம் ஒரு பையன் வாயைத் திறந்துக்கிட்டு நாற்காலியில கிடந்தான், அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டேன். யோசிச்சுப் பார்த்தா போன்ல சொல்லி முடியிற சங்கதி இல்ல இது. அவளுக்கு முன்னாடி உனக்குச் சொல்லணும். பணம் கட்டப் போறவ நீதானே.

முதல்ல படிப்பைச் சொல்லிடுறேன். பி.டி.எஸ். நாலு வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம், அதை முடிச்சுட்டா. மேல எம்.டி.எஸ். மூணு வருஷம். பல் மருத்துவத்துல மேல்படிப்பு ஒன்பது பிரிவு இருக்கு, அதுல முன்னால ரேங்க் வாங்கினவங்க பெரும்பாலும் பார்த்துப் பார்த்து எடுக்கிற பிரிவுகள்ல ஆர்த்தோவும் ஒண்ணு. நாங்க எழுதின காலத்துல ஆளாளுக்குத் தனித்தனித் தேர்வு வச்சாங்க. 2017-லேர்ந்து நாடு முழுக்க நீட் ஒண்ணுதான். நல்ல ரேங்க் வந்து அரசு இடம் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டுச் சேரு. கிடைக்கலைன்னு வாடிப்பட்டி நிலத்தை வித்து இடம் வாங்க வேணாம். இதை நான் கோபமாவே சொல்றேன், அண்ணன்கிட்டயும் இப்படியே சொல்லு. அப்படி நிலத்தை வித்துப் படிச்ச புள்ளைங்க பேஷண்ட்டைப் பார்க்கிறப்ப வாயைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கடனைப் பார்க்கும். அதை நான் நேர்ல பார்த்திருக்கேன்.

முதல் வருஷம் பூரா கம்பி வளைக்கிறதுதான் வேலை. 0.7 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பி, ஒரு பிளையர். ஆடம்ஸ் கிளாஸ்ப்னு ஒரு கொக்கி, கடவாய்ப்பல்லைப் பிடிச்சுக்கிறது. ரெண்டு பக்கமும் அம்புமுனை மாதிரி வரணும், பல்லோட இடுக்குல சரியா உட்காரணும், ஈறுல குத்தக் கூடாது. பெருவிரல் தோல் உரிஞ்சு காய்ப்புக் காய்ச்சிடும். எக்ஸ்ரே படத்துல மெல்லிசுத் தாளை வச்சு, லைட் பெட்டி மேல பென்சிலால முகத்தெலும்பை வரைஞ்சு கோணம் அளக்கணும். இன்னிக்கு அதைக் கம்ப்யூட்டர் பண்ணிடுது, ஆனா கையால வரைஞ்சவங்களுக்குத்தான் எலும்பு கண்ணுக்குள்ள நிக்கும். இது என் அபிப்பிராயம்.

டைப்போடான்ட்னு ஒரு பயிற்சி உண்டு. மெழுகுல பல்லை வரிசையாப் பதிச்சு வேணும்னே கோணலாக்கி வச்சுடுவாங்க. அதுக்கு, கம்பியைத் தாங்குற சின்னத் துண்டான பிராக்கெட்டை ஒட்டி, கம்பி மாட்டி, வெந்நீர்ல முக்கினா மெழுகு இளகி, கண்ணு முன்னாடியே பல்லு நகர்ந்து வரிசைக்கு வந்துடும். முதல் தடவை பார்த்தப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா வாய்க்குள்ள இருக்கிறது மெழுகு இல்ல, எலும்பு. நான் இந்த லெட்டர்ல சொல்ல வர்றது அம்புட்டும் இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

பல்லை ஒரு பக்கமா மெல்லத் தள்ளினா, அந்தப் பக்கத்து எலும்பு கரையும், பின்பக்கம் புது எலும்பு வளரும். வயக்காட்டுல வரப்பை இந்தப் பக்கம் வெட்டி அந்தப் பக்கம் அணைச்சு நகர்த்துவாங்களே, அந்த வேலையை உடம்பு தானாப் பண்ணிக்குது. எடுத்த பல்லோட இடைவெளியை மூடணும்னா மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அவசரப்பட்டு இழுத்தா வேகம் கூடாது. அழுத்தம் தாங்காம அந்த இடத்துல ரத்த ஓட்டம் நின்னு, பல் நகராமலே முரண்டு பிடிக்கும், வேரு நுனி கரைஞ்சு குட்டையாகவும் செய்யும். அதனாலதான் ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம்னு சொல்றோம். காசுக்காக இழுக்கிறோம்னு நினைக்கிறவங்க உண்டு. அவங்களுக்கெல்லாம் இந்த வரப்புக் கதையைத்தான் சொல்றேன்.

படிப்பு முடிஞ்சதும் காசு கொட்டும்னு நினைச்சுடாதே. சொந்தமா கிளினிக் வைக்கிற வரைக்கும் பெட்டியும் கையுமா அலையணும். நானும் அப்படித்தான். பிராக்கெட், கம்பி, பிளையர் எல்லாம் ஒரு பெட்டியில. ஆரப்பாளையத்துல தேனி பஸ், மாட்டுத்தாவணியில விருதுநகர் பஸ். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு பல் டாக்டர் ஆர்த்தோ கேஸையெல்லாம் ஒரே நாளுக்குச் சேர்த்து வச்சிருப்பார். இப்பவும் சின்ன ஊர்கள்ல நிறைய இடத்துல அப்படித்தான் நடக்குது. ஆண்டிபட்டிக் கணவாயில பஸ் திரும்புறப்ப பெட்டியை மடியில இறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆனா ஜெயந்தி, அந்த அலைச்சல்லதான் நான் டாக்டரானேன். மாசம் ஒரு தடவைதான் வருவேன்கிறதால, அந்தப் பிள்ளை வீட்டுல எப்படிப் பல் தேய்க்கும், என்ன சாப்பிடும், கம்பி குத்தினா யார்கிட்டச் சொல்லும்னு எல்லாத்தையும் அன்னிக்கே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாகணும். அந்தப் பழக்கம் இன்னிவரைக்கும் போகல.

முதல் தடவை வர்றவங்களுக்கு அன்னிக்கே கம்பி கட்ட மாட்டேன். போட்டோ, மாவுல அச்சு, ரெண்டு எக்ஸ்ரே, பேச்சு. அவ்வளவுதான். அம்மாவைக் கொஞ்சம் வெளிய உட்காரச் சொல்லிட்டு, "உனக்கு வேணுமா, அம்மாவுக்கு வேணுமா?"ன்னு பிள்ளைகிட்டக் கேட்பேன். அம்மாவுக்கு மட்டும் வேணும்னா அந்தக் கேஸ் பாதியில நிக்கும். பிள்ளை கம்பியில மாட்டுற ரப்பரை மாட்டாது, பல் சுத்தமாத் தேய்க்காது, கம்பியைக் கழட்டுறப்ப பிராக்கெட்டைச் சுத்தி வெள்ளைத் தழும்பு நிக்கும். பல் நேரா இருந்து என்ன? தழும்பு இருக்குதே. உன்னோட தெத்துப்பல்லையே எடுத்துக்கோ. அதை நான் தொட மாட்டேன். நம்ம வயசுலயும் ஈறு நல்லா இருந்தா பல்லை நகர்த்தலாம்தான், ஆனா உனக்கு அது ஒருநாளும் குறையாத் தெரிஞ்சதில்ல. கணக்கு டீச்சர் உன்னைத் திட்ட ஆரம்பிச்சு அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போன கதையை இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்.

இப்ப உண்மையான விஷயத்துக்கு வர்றேன். மனசு ஆற மாட்டேங்குது.

உசிலம்பட்டிப் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு அவ அத்தை வந்தாங்க. மேல் முன்பல் நல்லாவே தூக்கல். மாப்பிள்ளை வீட்டுல எல்லாம் பிடிச்சுப்போச்சு, "பல்லை மட்டும் சரி பண்ணிடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. கல்யாணத்துக்குப் பத்து வாரம் இருந்துச்சு. அதுக்குள்ள முடியாது, ஆனா இப்பவே ஆரம்பிக்கலாம், பல்லு நிறத்துலயே பிராக்கெட் இருக்கு, கம்பியோடயே கல்யாணம் பண்ணட்டும்னு சொன்னேன். அத்தை முகமே மாறிப்போச்சு. பொண்ணு ஒண்ணும் பேசல. அப்புறம் வரல.

போன வாரம் வந்தா, புருஷனோட. வேற இடத்துல, அந்தப் பத்து வாரத்துக்குள்ள, சொத்தையே இல்லாத ஆறு முன்பல்லையும் வேர்சிகிச்சை பண்ணி, நரம்பை எடுத்து, கட்டை கட்டையா அரைச்சு, மேல கேப் மாட்டி விட்டிருக்காங்க. தூக்கலா இருக்கிற பல்லை உள்ளே இருக்கிற மாதிரி காட்டணும்னா அம்புட்டு அரைச்சாத்தான் ஆகும். வேரும் எலும்பும் பழைய இடத்துலயேதான் இருக்கு, அதனால உதடும் அப்படியேதான் இருக்கு. கேப் ஓரம் சரியா உட்காரல, ஈறு கறுஞ்சிவப்பா வீங்கி, கண்ணாடி வச்ச குச்சியால லேசாத் தொட்டதுக்கே ரத்தம். பொண்ணுக்கு 22 வயசு. கேப் ஆயுசு முழுக்க வராது. கழட்டிக் கழட்டி மாத்தணும், ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற பல்லு இன்னும் கொஞ்சம் போகும்.

அவ கேட்டது இதுதான்: "டாக்டரம்மா, இதைக் கழட்டிட்டு என் பழைய பல்லையே வைக்க முடியுமா? தூக்கலா இருந்தாலும் பரவாயில்ல. முறுக்காவது கடிப்பேன்."

முடியாதுடி. பல்லோட எனாமலை உண்டாக்குற செல்லெல்லாம் பல்லு முளைச்சு வெளிய வர்றப்பவே போயிடும். தோல் கிழிஞ்சா ஆறும், எலும்பு முறிஞ்சா கூடும், எனாமல் போனா போனதுதான். இதை அவகிட்ட எப்படிச் சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல. அந்தத் தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். "எங்க வீட்டுல சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாங்க டாக்டர்"னார். ஈறு வைத்தியம் முடிச்சு, கேப்பைத் தள்ளித் தள்ளி ஒழுங்கா மாத்திக் குடுக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். நல்ல கைகள்ல ஒப்படைச்சிருக்கேன்.

அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு சொல்லுச் சொல்லலாம். ஆனா ஒரு சொத்தைகூட இல்லாத பல்லைப் பார்த்துட்டு, டிரில்லைக் கையில எடுத்தவங்களுக்குத் தெரியும் என்ன செய்யிறோம்னு. தெரிஞ்சேதான் செஞ்சாங்க. முகூர்த்த மாசம் வந்தா இந்த மாதிரிக் கேஸ் வரிசையா வருது. பல்லு உடைஞ்சுபோச்சு, நிறம் கெட்டுப்போச்சுன்னா கேப் நல்ல வைத்தியம்தான். கோணலுக்காக நல்ல பல்லை அறுக்கிறது வைத்தியமே இல்ல.

கம்பியோட கல்யாணம் முடியாததும் இல்ல, ஜெயந்தி. திருமங்கலத்துப் பொண்ணு ஒருத்திக்கும் இதே மாதிரி கல்யாண நெருக்கடி வந்துச்சு. அவ தைரியமா மாமியாராகப் போறவங்களையே கூட்டிக்கிட்டு வந்தா. எக்ஸ்ரேயைத் திரையில காட்டி, வேரு எங்க இருக்கு, எலும்பு எம்புட்டு நகரணும்னு பொறுமையாச் சொன்னேன். அந்தம்மா கடைசிவரைக்கும் கேட்டுட்டு, "கழுத்துல தாலியும் பல்லுல கம்பியும் ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும், என் மருமக பல்லை அறுக்க வேணாம்"னாங்க. கம்பியோடதான் தாலி கட்டிக்கிட்டா. கம்பியைக் கழட்டி, ஒட்டின பசையைச் சுரண்டின அன்னிக்கு அவ செஞ்சது எல்லாரும் செய்யிறதுதான். கண்ணாடியைக் கேட்கிறதுக்கு முன்னாடி நாக்கை எடுத்துப் பல்லு மேல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தா. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம். அப்புறமும் பல்லை அதே இடத்துல நிறுத்தி வைக்கிற ரிடெய்னர் போட்டே ஆகணும். ஈறோட நார் பழைய இடத்துக்கே இழுக்கும்.

இன்னொரு கவலையும் சொல்லிடுறேன், உன் மகளுக்கு இது ரொம்ப முக்கியம். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் அச்சு வந்திருக்கே, அலைனர், அதை ஒரு நாளைக்கு 22 மணி நேரம் போட்டுக்கிட்டு டாக்டர் பார்த்துக்கிட்டே வந்தா நல்லா வேலை செய்யும், நானும் குடுக்கிறேன். ஆனா எக்ஸ்ரே எடுக்காம, வாயைத் திறந்து பார்க்காம வீட்டுக்குப் பெட்டி அனுப்புற வியாபாரத்தை நம்பக் கூடாது. அமெரிக்காவுல ஸ்மைல் டைரக்ட் கிளப்னு ஒரு பெரிய கம்பெனி தபால்லயே அச்சு அனுப்பிக்கிட்டு இருந்துச்சு, 2023 டிசம்பர்ல இழுத்து மூடிட்டாங்க. பாதி வைத்தியத்துல இருந்தவங்கெல்லாம் நடுத்தெருவுல நின்னாங்க. படிச்சு முடிச்ச பிள்ளைகளைச் சம்பளத்துக்கு எடுத்து, "இந்த மாசம் இத்தனை கேஸ் பிடிக்கணும்"னு சொல்ற இடங்களுக்கு இவ போகவே கூடாது.

இம்புட்டையும் கேட்டுட்டு, அவளை இந்தப் பக்கமே அனுப்ப வேணாம்னு நினைச்சுடாதே. நான் அவளுக்குக் காட்ட நினைக்கிறது வேற. போன மாசம் மேலூர் பக்கத்துலேர்ந்து உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தை வந்துச்சு. பிறந்து பத்து நாள். பால் மூக்கு வழியா வருதுன்னு தாய் அழுதுக்கிட்டே இருக்கா. அச்சு எடுத்து, சின்னதா ஒரு தட்டு செஞ்சு அண்ணத்துல வச்சு, கன்னத்துல டேப் ஒட்டி விட்டா, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பிளவு நெருங்கி வரும். மூணு மாசம் போல உதட்டு ஆபரேஷன் பண்றவங்களுக்கு வேலை சுலபமாகும். அந்தக் குழந்தைக்கு ஒன்பது, பத்து வயசுல ஈறு எலும்புல ஒட்டு வைக்கணும், கோரைப்பல் இறங்குறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் கம்பி. 18 வயசு வரைக்கும் அது என் பேஷண்ட். எந்தக் கணக்குல இதுக்கு வருமானம் போடுறது?

அதனால ஒரு ஏற்பாடு பண்ணு. கவுன்சலிங்குக்கு முன்னாடி ரெண்டு வாரம் அவளை இங்க அனுப்பு. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. காலையில என்கூட கிளினிக்கு வரட்டும், ஓரமா உட்கார்ந்து நான் பேசுறதையும் பேஷண்ட் பேசுறதையும் கேட்கட்டும். சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட்டம், பொங்கல் முடிஞ்ச வாரம்னா இன்னும் நல்லது, கரும்பு கடிச்சு பிராக்கெட் தெறிச்சதுங்க எல்லாம் வரிசையா வந்து நிக்கும். எல்லாத்தையும் பார்த்துட்டு அதுக்கப்புறமும் ஆர்த்தோதான் வேணும்னு சொன்னா, என் பழைய பிளையர் செட் அவளுக்கு.

எந்தத் தேதின்னு அண்ணன்கிட்டக் கேட்டுச் சொல்லு, மாட்டுத்தாவணிக்கு நானே வந்து கூட்டிக்கிறேன்.

அன்புடன்,
செல்வி