பூங்காவில் கீரைக்கு ஒரு மூலை, குழாய்க்கு ஒரு சாவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் மாடித்தோட்டக் குறிப்புகளை என் அம்மா கத்தரித்து எடுத்து, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பார். நாங்கள் இருப்பது வாடகை வீடு, மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது, செடி வைக்க அனுமதி இல்லை. ஆனாலும் ஒட்டுவார். என்றைக்காவது உதவும் என்பார். சென்னையில் இப்படி மாடியும் இல்லாமல், கைப்பிடி மண்ணும் இல்லாமல், விதை போடும் ஆசையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலை படித்து முடித்து, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறேன். இது என்ன படிப்பு என்று எங்கள் தெருவில் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். கட்டடத்துக்கு வெளியே இருக்கிற இடத்தை, அதன் மண், மழைத்தண்ணீர் ஓடும் வழி, மரநிழல், நடைபாதை, உட்காரும் திண்ணை என்று எல்லாம் சேர்த்து வடிவமைக்கிற படிப்பு. இறுதி ஆண்டில் எல்லோரும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து முழுத் திட்டம் போட வேண்டும். நான் எடுத்தது தென்சென்னையில் ஒரு சின்னப் பூங்கா, அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஐந்து மாதத்தில் கற்றதை வைத்துச் சொல்கிறேன்: நம் பூங்காக்களில் பத்தில் ஒரு பங்கு இடத்தில், பூங்காவைச் சுற்றி வாழ்கிறவர்கள் கீரையும் காய்கறியும் போட விடவேண்டும், அதோடு தண்ணீர்க் குழாயைத் திறக்கும் உரிமையையும் அவர்களிடமே கொடுக்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவதைக் கொடுத்துப் பயன் இல்லை.

இந்தப் பூங்காக்கள் எப்படி வந்தன என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல், மனை பிரித்தாலோ அடுக்குமாடி கட்டினாலோ, சாலைக்குப் போனது தவிர மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவும் கொடுக்கலாம், அதன் மதிப்பைப் பணமாகவும் கட்டலாம். ஓஎஸ்ஆர் (ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) நிலம் என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். அங்கே குடியிருக்கப் போகிறவர்களுக்காக ஒதுக்கிய நிலம் அது. ஆனால் அதில் என்ன வரவேண்டும் என்று குடியிருப்பவர்களைக் கேட்கும் வழக்கம் இல்லை. எட்டு போட நடைபாதை, கொரியன் புல், ஒரு நீரூற்று (பெரும்பாலும் ஓடாது), குழந்தைகளுக்குச் சறுக்கு, நான்கு சிமென்ட் பெஞ்ச். காலையில் திறந்து வெயில் ஏறியதும் பூட்டி, மாலையில் மறுபடி திறக்கிறார்கள். நடக்கிறவர்களுக்கு இது போதும். நடைப்பயிற்சிக்கு வராதவர்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

நான் வரைய ஆரம்பிக்கும் முன் மூன்று வாரம் அங்கே போய் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பூங்காவின் பின்பக்க மதிலை ஒட்டி ஒரு பழைய நான்கு மாடிக் குடியிருப்பு. அதன் படிக்கட்டுத் திருப்பத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில், மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகள் ஆறு வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கீரை. இரண்டாவது மாடியில் இருக்கும் ஆயாவுடையது. மீன் கடையில் சும்மா கொடுப்பார்களாம். பெட்டியின் அடியில் கம்பியைச் சுடவைத்து ஓட்டை போட்டு, தேங்காய் மட்டையைப் பிய்த்துப் பரப்பி, மேலே செம்மண்ணும் சாணத்தூளும். விதை பொடிசு என்பதால் மணலோடு கலந்து தூவுகிறார். அப்புறம் பெட்டியைச் சுற்றிக் கொஞ்சம் ரவை. ஏன் ஆயா ரவை என்று கேட்டேன். "எறும்புக்கு. அது இதைத் தூக்கிட்டுப் போவும், விதையை உட்டுடும்" என்றார். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு விரற்கடை விட்டு நகத்தால் கிள்ளுகிறார், மறுபடி துளிர்க்கிறது. அந்தப் பெட்டிகளை டேப் வைத்து அளந்தேன். ஆறும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர்கூட வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே பூங்காவின் பின்மூலை, சரளைக்கல்லும் பார்த்தீனியமும் மண்டிக் கிடக்கிறது. "பார்க்க நல்லாத்தான் இருக்கு கண்ணு, தொடத்தான் உடமாட்டாங்க" என்று அவர் சொன்னது என் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் நான் போட்ட வரைபடம் அழகாக இருந்தது. வட்ட வட்டமாகப் பாத்திகள், நடுவில் பந்தல், பந்தலில் புடலையும் அவரையும். கல்லூரியில் பாராட்டினார்கள், இன்னும் நாலு மரம் காட்டச் சொன்னார்கள். அதை ஆயாவிடமும் அவருடைய பக்கத்து வீட்டு அக்காக்களிடமும் காட்டியபோது ஒருவர்கூட வட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: தண்ணி எங்கே பிடிக்கிறது?

அங்கிருந்துதான் எனக்கு வேலை ஆரம்பமானது. சென்னை வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்குத் தினம் 5 அல்லது 6 லிட்டர் தண்ணீர் வேண்டும். நான் நினைத்த அளவில் பாத்தி 100 சதுர மீட்டர் என்றால் தினம் 600 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 40 குடம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஒரு லாரித் தண்ணீருக்குத் தெருவே நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட ஊரில் கீரைக்குக் குடிதண்ணீரை ஊற்று என்று நான் வரைய முடியாது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, 100 சதுர மீட்டர் கூரையில் விழுவது 1,40,000 லிட்டர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும், தண்ணீர் தேவைப்படுவதோ ஏப்ரல், மே மாதங்களில். தொட்டி கட்டி அத்தனை மாதம் வைத்திருக்க முடியாது. அதனால் மழைநீரைக் கிணற்றுக்கு இறக்கிவிட்டு, குடியிருப்பில் குளித்த தண்ணீரையும் துணி அலசின தண்ணீரையும் ஜல்லி, மணல் போட்ட ஒரு வாய்க்காலில் விட்டு, கல்வாழையும் சேம்பும் நட்டு, அதைத் தாண்டி வருவதை வாழைக்கும் பப்பாளிக்கும் விடலாம் என்று மாற்றினேன். கீரைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது, கொத்தமல்லி, புதினா மாதிரி பச்சையாகச் சாப்பிடுகிறவற்றுக்குக் கிட்டவே போகக்கூடாது. அதற்குக் கிணற்றுத் தண்ணீர், ஒரு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி, பாத்தியிலிருந்து பத்தடிக்குள் குழாய். வட்டங்கள் போய்விட்டன. நாலடி அகலத்தில் நேர்ப் பாத்திகள், ஏனென்றால் ஒரு பக்கம் உட்கார்ந்தால் கை எட்டுவது இரண்டடிதான். முட்டி வலிக்கிறவர்களுக்காக இரண்டு பாத்தியை மட்டும் உட்காரும் உயரத்துக்குச் செங்கல் வைத்து உயர்த்தினேன்.

சரி, காகிதத்தில் இருந்தால் போதாது என்று அனுமதி வாங்கி, தை மாதம் பின்மூலையில் நான்கு பாத்தி போட்டோம். ஒவ்வொன்றும் நாலடிக்குப் பன்னிரண்டடி. தோண்டினால் மண் வரவில்லை, உடைந்த ஓடும் சுண்ணாம்புக் காரையும் பழைய டைல்ஸும்தான் வந்தன. பூங்கா என்று விடப்படும் மூலைகள் பெரும்பாலும் கட்டடக் குப்பை கொட்டின இடங்கள், இதை யாரும் வரைபடத்தில் காட்டுவதில்லை. மேலே முக்கால் அடிக்குப் புது மண் போட்டோம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் விதைத்தோம், எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு பாத்திக்கும் சேர்த்துத் தினம் ஏழு குடம். ஐந்து வீட்டுப் பெண்கள் முறை வைத்து ஊற்றினார்கள். இருபத்தெட்டாம் நாள் முதல் அறுப்பு, சிறுகீரையும் தண்டுக்கீரையும் 22 கட்டு. அதில் நான்கு கட்டு பக்கத்து அங்கன்வாடிக்குப் போனது. அன்று சாயங்காலம் அந்த மூலையில் நின்றவர்களில் பாதிப் பேர் ஒரே கட்டடத்தில் பத்து வருஷம் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

சண்டையும் வந்தது. முருங்கை வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு வாரம் போனது. கீழ்வீட்டுக்காரர் கம்பளிப்பூச்சி ஜன்னலுக்குள் வரும், காற்றடித்தால் கிளை முறியும் என்றார், அவர் சொன்னது முழுக்க நியாயம். கடைசியில் மதிலுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் இல்லாத சுவர்ப்பக்கமாக நட்டோம். செடியை எங்கே நடுவது என்பதைப் படிப்பு எனக்குச் சொல்லிக் கொடுத்தது, யாரிடம் கேட்டுவிட்டு நடுவது என்பதை அந்த இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தது.

மே மாதம் எல்லாம் காய்ந்துவிட்டது. தண்ணீர் இருந்தது, ஊற்ற ஆட்களும் இருந்தார்கள். ஆனால் பூங்காவைப் பராமரிக்கும் ஒப்பந்தம் கைமாறியது, புதிதாக வந்த வாட்ச்மேன் அண்ணன் காலை பூட்டும்போது குழாயின் திருகைக் கழற்றித் தன் அறையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் வீணாகக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாத்தியைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்குக் கிடைத்த அனுமதி வாய்மொழியாகக் கிடைத்தது, கொடுத்தவர் மாறியதும் அதுவும் போய்விட்டது. நானோ அந்த வாரங்களில் இறுதி வரைபடம் ஒப்படைப்பதில் இருந்தேன். கத்திரி வெயிலில் ஒன்பது நாள். பத்தாம் நாள் போனபோது ஆயா காய்ந்த தண்டுக்கீரையை ஒடித்து விதையை முந்தானையில் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

இதில் என் பங்கையும் சொல்ல வேண்டும். எங்கள் படிப்பில் திட்டம் ஜனவரியில் ஆரம்பித்து மே மாதம் முடிகிறது. சென்னையில் பாத்திக்கு ஆள் அதிகமாக வேண்டிய நேரத்தில் மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறோம், ஆடிப்பட்டத்துக்கு யாரும் இருப்பதில்லை. கல்லூரிகள் இந்த மாதிரித் திட்டங்களையாவது ஆடியில் ஆரம்பித்து அடுத்த சித்திரை வரை கொண்டுபோகும்படி மாற்ற வேண்டும். ஒரு கோடையைத் தாண்டாத தோட்டத்துக்கு மதிப்பெண் போடக்கூடாது என்றே சொல்வேன்.

வெளியூரில் எப்படி என்று தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டே ஒரு சட்டம் வந்தது: ஒரு ஊரில் வாக்காளர்களோ வரி கட்டுகிறவர்களோ ஆறு பேர் சேர்ந்து தோட்டம் போட நிலம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், உள்ளாட்சி அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். சிங்கப்பூரில் 2005 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் அங்கிருப்பவர்களே பார்த்துக்கொள்ளும் சமூகத் தோட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல் வந்துவிட்டன. நம் ஊரிலும் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்துக்கு மானிய விலையில் விதையும் பையும் கொடுத்தது, அது நல்ல திட்டம், ஆனால் மாடி இருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். கோட்டூர்புரத்தில் 2020இல் குப்பை கிடந்த நிலத்தில் மியாவாக்கி முறையில், அதாவது கன்றுகளை நெருக்கமாக நட்டு, அடர்வனம் வளர்த்த மாநகராட்சிக்கு, ஒரு பூங்கா மூலையைக் கீரைக்கு விடுவது பெரிய காரியமாக இருக்காது என்று நம்புகிறேன்.

நான் கேட்பது புதுப் பூங்கா அல்ல. இருக்கிற பூங்காவில், குறிப்பாக ஓஎஸ்ஆர் நிலத்தில், அக்கம்பக்கத்தில் வசிக்கும் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் ஒரு மூலையை ஒரு வருடத்துக்கு எழுத்தில் கொடுக்கட்டும். அந்த எழுத்தில் குழாயும் சாவியும் யாரிடம் இருக்கும், எந்த நேரத்தில் திறக்கலாம் என்பதும் இருக்கட்டும். பராமரிப்பு ஒப்பந்தம் யாருக்குப் போனாலும் அந்தத் தாள் அதோடு சேர்ந்து போகட்டும். ஒருவர் ஒரு பருவம் முழுக்கப் பாத்தியைக் கவனிக்கவில்லை என்றால் அடுத்தவருக்கு மாற்றிக்கொள்ளலாம். விற்பனைக்குப் பயிரிடக்கூடாது என்று வேண்டுமானால் நிபந்தனை போடலாம்.

நாங்கள் கையெழுத்து வாங்கிவிட்டோம், ஆறு வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று. ஆயா ரேகை வைத்தார். அவர் உதிர்த்த விதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால் பங்கு இருக்கிறது, எறும்பு வராமல் சாம்பல் கலந்து வைத்திருக்கிறார். ஆடி பிறக்க இன்னும் ஆறு வாரம். மனு நேற்று கொடுத்தாயிற்று. பதில் வந்தால் இந்த முறை நானும் அடுத்த கோடை முடியும்வரை இங்கேதான் இருப்பேன், வேலையைச் சென்னையிலேயே தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் மாணவி,
சென்னை.