பிள்ளைக் காப்பகத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ்: நீலகிரித் தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்துகிறவர்களுக்கும், மேலாளர்களுக்கும், தொழிலாளர் சார்பில் உங்களோடு உட்கார்ந்து பேசும் சங்கத்துக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சம்பளம், போனஸ், வீடு பற்றியெல்லாம் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒரு ஃப்ரிட்ஜ். பிள்ளைக் காப்பகத்தில், தாய்ப்பால் வைப்பதற்கென்றே ஒன்று.

பிரசவ விடுப்பு முடிந்து கொழுந்து பறிக்கத் திரும்பும் பெண்ணுக்குப் பத்து, பத்தரைக்கெல்லாம் மார்பு கனத்துவிடும். பால் கட்டிக்கொண்டால் காய்ச்சலில் கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் செடி மறைவில் உட்கார்ந்து மண்ணில் பீய்ச்சி விடுவாள். அதே நேரம் கீழே காப்பகத்தில் அவள் பிள்ளை பசித்து அழும். ஆயா என்ன செய்வார் பாவம், தண்ணீர் கலந்த பாக்கெட் பாலையோ சர்க்கரைத் தண்ணீரையோ ஊட்டுவார். அப்புறம் வயிற்றுப்போக்கோடு அந்தப் பிள்ளை டிஸ்பென்சரிக்கு வரும். மருந்துச் செலவு உங்கள் கணக்கில்தான் ஏறும்.

சட்டம் இந்தப் பெண்ணுக்காகப் பாதி தூரம் வந்திருக்கிறது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியபோது முதல் இரண்டு பிள்ளைகளுக்கான விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம், தாய் ஒரு நாளில் 4 முறை அங்கே போய்வர அனுமதி என்பதும் அப்போது சேர்ந்தது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் பறிக்கிற இடம் மேல் சரிவில் இருக்கும், காப்பகம் ஃபேக்டரி பக்கம் இருக்கும். ஒருமுறை இறங்கி ஏறினால் எடையில் எத்தனை கிலோ குறையும் என்று கணக்குப் போட்டே பலர் மத்தியானம் ஒருமுறை மட்டும் வருகிறார்கள். தற்காலிக ஆட்களுக்கு அந்த 26 வாரமும் கைக்கு வருவதில்லை. மூன்றாம் மாதமே பறிக்க வந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். ஜார்க்கண்டிலிருந்து வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் பெண், கூட மாமியாரும் இல்லாதவள், அதை எப்படிச் செய்வாள் என்று யாரும் சொல்லவில்லை.

‘இந்தக் குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதுக்குங்க சிஸ்டர்?’ என்று ஒரு மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். மேட்டுப்பாளையத்தில் ஏப்ரல் மாதம் இந்தக் கணக்கு செல்லாது. குன்னூரிலும் ஊட்டியிலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் செல்லும். ஆகவே காலை ஏழு மணிக்கு வீட்டில் பீய்ச்சி, மூடி போட்டு ஆயாவிடம் கொடுத்த பாலைப் பதினொரு மணிக்குள் ஃப்ரிட்ஜ் இல்லாமலே ஊட்டிவிடலாம். இது கூடத் தெரியாமல் எத்தனை தாய்மார்கள் சும்மா இருக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

மீதிப் பாதி தப்பு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம்தான். மார்ச், ஏப்ரல் மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே 25 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ஊட்டியிலேயே ஜனவரியில் விடியற்காலை புல் மேல் உறைபனி கிடக்கும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஜன்னல் ஓரத்துப் பால் ராத்திரி ஜில்லென்றும் பகலில் வெதுவெதுப்பாகவும் மாறிக்கொண்டே இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஃப்ரிட்ஜ் வேண்டும் என்பது குளிர் மாறாமல் ஒரே அளவில் நிற்பதற்காக. 4 டிகிரியில் நின்றால் பால் 4 நாள் வரை இருக்கும்.

டிஸ்பென்சரியில்தான் ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது தடுப்பூசிக்கானது. அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது, வைக்க நாங்கள் விடவும் மாட்டோம். பங்களா கிச்சனில் இருப்பதிலோ ஆபீஸில் கூல்டிரிங்க்ஸ் வைக்கும் பெட்டியிலோ ஒரு தட்டு ஒதுக்கித் தருகிறோம் என்பதும் வேண்டாம். நூறு முறை திறந்து மூடுகிற கதவுக்குப் பின்னால் 4 டிகிரி நிற்காது.

ஃப்ரிட்ஜ் வந்தால் மட்டும் போதாது, ஆயாவுக்குச் சில விஷயங்கள் பழக வேண்டும். பாலைக் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். யார் பாலையோ யார் பிள்ளைக்கோ கொடுத்துவிடுவார்களோ என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஒவ்வொரு கிண்ணத்திலும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர், தேதி, நேரம் எழுத வேண்டும். படிக்கத் தெரியாத தாய்க்கு வீட்டுக்கொரு நிறமாக நூல் கட்டிவிடலாம். மூடி இறுகப் பொருந்தும் சின்ன எவர்சில்வர் டப்பா போதும், வெந்நீரில் கழுவச் சுலபம். ஊட்டுவதற்குச் சங்கு போன்ற பாலாடைக் கிண்ணம். பால்புட்டி வேண்டவே வேண்டாம், அதன் காம்பைக் கழுவி முடிப்பதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

முக்கியமாக ஒன்று. மாட்டுப் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சியே பழகிய கை நம்முடையது. தாய்ப்பாலை அடுப்பில் ஏற்றக் கூடாது. மைக்ரோவேவிலும் கூடாது, ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருந்து பிள்ளையின் வாயைச் சுட்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை நிற்க வைத்தால் போதும். மேலே கொழுப்பு ஆடை போல மிதந்தால் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். பிள்ளை வாய் வைத்து மீதி விட்ட பால் 2 மணி நேரத்துக்கு மேல் உதவாது.

உறைய வைப்பது எல்லோருக்கும் தேவைப்படாது. கோயம்புத்தூருக்கு ஆபரேஷனுக்குப் போகிற தாய், ஊரில் சாவு என்று திடீரெனக் கிளம்புகிறவள், பால் நிறையச் சுரந்து வேலைக்குத் திரும்புமுன் சேர்த்து வைக்க நினைப்பவள் இவர்களுக்குத்தான். அதற்கு ஃப்ரீசருக்குத் தனிக் கதவு உள்ள ஃப்ரிட்ஜ் வேண்டும், மைனஸ் 18 டிகிரி நிற்க வேண்டும். அதில் 6 மாதம் வரை பால் நன்றாக இருக்கும், கடைசி எல்லை 12 மாதம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்குப் போகாது, அதை நம்பி மாதக்கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு டப்பாவில் 60 முதல் 120 மில்லி, ஒரு வேளைக்குத் தேவையான அளவு மட்டும். உறையும்போது பால் விரியும், ஆகவே வாய் வரை நிரப்பக் கூடாது. புதிதாகப் பீய்ச்சிய சூட்டோடு பழைய பாலில் ஊற்றாமல் முதலில் குளிர வைக்க வேண்டும். எடுக்கும்போது பழைய தேதி முதலில். முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலைக்குள் உருகியிருக்கும். முழுக்க உருகிய பிறகு ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், வெளியே எடுத்தால் 2 மணி நேரம். திரும்ப உறைய வைக்கக் கூடாது. சிலருடைய பால் உருகியதும் சோப்பு வாசம் அடிக்கும். பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி செய்யும் வேலை அது, கெட்டுப்போனதன் அடையாளம் ஆகாது.

இனி கரண்ட். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை பந்தலூர்ப் பக்கம் மரம் விழுந்து லைன் போனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்த்தட்டு 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம். ஆகவே காலியாக இருக்கும் ஃப்ரீசரில் ஐஸ் பாக்கெட்டுகளை அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். அதே ஐஸ் பாக்கெட்டோடு, கையில் தூக்கிப் போகும் நல்ல மூடியுள்ள ஐஸ் பெட்டியில் வைத்தால் குளிர்ந்த பால் இன்னொரு 24 மணி நேரம் நிற்கும். மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தையைச் சேர்த்துவிட்டுத் தோட்டத்தில் இருக்கும் தாய்க்கும், அங்கிருப்பவர்கள் சம்மதித்தால், பஸ்ஸில் பால் கொடுத்தனுப்ப இந்தப் பெட்டி உதவும். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, தடுப்பூசிக்குச் செய்வது போலவே காலையும் மாலையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

பறிக்கிற இடத்திலும் ஒரு ஏற்பாடு வேண்டும். கொழுந்துக் கறையும் மருந்து அடித்த செடியின் ஈரமும் ஒட்டிய விரலால் பால் பீய்ச்ச முடியாது. ஒரு குடம் தண்ணீர், சோப்பு, நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிய மறைவு, உட்கார ஒரு ஸ்டூல். அந்த நேரத்துக்கு எடை குறைந்தது என்று சூப்பர்வைசர் சத்தம் போடாமல் இருந்தால் நல்லது.

சங்கத்துக்காரர்களே, அடுத்த பேச்சுவார்த்தைக்கு எழுதும் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். போனஸ் போல இதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருக்காது. நிர்வாகங்களே, ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று பேனர் கட்டுவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜை வாங்கிவிடுங்கள். ஆயாவுக்கான குறிப்பைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி அதன் கதவிலேயே ஒட்டுங்கள். பூட்டுப் போடுவீர்கள் என்று தெரியும், போடுங்கள். சாவி மட்டும் ஆபீஸில் வேண்டாம், ஆயாவிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பந்தலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற தோட்ட நர்ஸ் ஒருவர்