பால் கவர் பரோட்டாவுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

மதுரை தெப்பக்குளம் பக்கத்தில், தூக்கிப் போட்ட பிளாஸ்டிக்கில் சாப்பாடு செய்து நாங்கள் நடத்திய 'சாப்பிட முடியாத சாப்பாடு' கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பந்தியில் உட்கார்ந்து, இலையில் இருப்பது தெர்மாகோல் இட்லி என்று தெரிந்ததும் சிரித்த அத்தனை பேருக்கும் முதல் நன்றி. ஆனால் இந்த மடல் அடுப்படியில் நின்றவர்களுக்கு. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

முதலில் காயலான் கடை அண்ணாச்சி. கவரை வாங்கிக் காதோரம் வைத்துக் கசக்குவார். மொறமொறவென்று சத்தம் வந்தால் ஒரு சாக்கு. சத்தமில்லாமல் வழவழவென்று மடிந்தால் வேறு சாக்கு. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்ல முக்கோணத்துக்குள் அச்சடித்த 2, 4 என்ற எண்களைத் தேடிக்கொண்டு நாங்கள் நிற்பதற்குள் அவர் வேலையை முடித்திருப்பார். சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டை மட்டும் தொடவே மாட்டார். உள்ளே பளபளக்கும் படலமும் வெளியே பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால் உருக்குகிறவர்கள் வாங்குவதில்லையாம். "சும்மா குடுத்தாலும் வேண்டாம் தம்பி" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பாக்கெட்டுகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற வெள்ளித்தட்டும் டம்ளரும் செய்தோம். எல்லாரும் அதோடு நின்றுதான் அதிகம் செல்ஃபி எடுத்தார்கள்.

பரோட்டா மாஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பால் கவரை நாடாவாக வெட்டி நாங்கள் சுற்றியதைப் பார்த்து, "இது முறுக்கு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். அப்புறம் அவரே உட்கார்ந்தார். நாடாவைக் கொசுவம் மாதிரி மடித்து, லேசாக இழுத்துப் பிடித்து, உள்ளிருந்து வெளியே சுற்றி, வால்நுனியை அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு அமுக்கு. அடுக்கு அடுக்காகப் பரோட்டா எழுந்து நின்றது. சால்னா கவர் கட்டுவதும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். வாயைச் சுருட்டும்போது கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு ரப்பர் பேண்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் கவர் உப்பி நிற்காது.

அந்த சால்னா கவர்களைப் பார்த்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் சிரிக்கவில்லை. "மிச்சத்தைக் கட்டுப் பிரிக்காம அப்படியே போட்டுர்றாங்க. தள்ளுவண்டியில அமுக்கும்போது வெடிச்சு மூஞ்சிலதான் தெறிக்கும்" என்றார். அதை அப்படியே எழுதி சால்னாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். கண்காட்சியில் நாங்கள் வைத்த வாசகம் அது ஒன்றுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்கும் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் தடை இருக்கிறது. அதை எழுதி மாட்டலாமா என்று யோசித்தோம். அக்கா சொன்னதற்குப் பக்கத்தில் அது நோட்டீஸ் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டோம். அவரும் அவருடைய தோழிகளும் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போயிருக்க வேண்டிய கவர்களைத் தனியாக எடுத்து, கழுவியும் கொடுத்தார்கள். கழுவச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை.

பந்தி நீளத்துக்கு வாழை இலை தைத்த டெய்லர் அக்காவுக்கு நன்றி. கவரில் ஊசி நெருக்கமாக இறங்கினால் ஓட்டை வழியே கிழிந்துபோகும். அவர் தையலை நீளமாக்கி, அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்தார். நடு நரம்புக்குப் பச்சை வயர்க்கூடை வயர். அது அவர் யோசனை.

கொலுவுக்குக் கல்யாண செட் செய்கிற விளாச்சேரிக் கலைஞர் வடை, லட்டு அச்சுகளை இரவல் தந்தார். "நிஜத்தைவிடக் கொஞ்சம் பெருசாச் செய்ங்க, தள்ளி நின்னு பாக்கும்போதுதான் சரியா இருக்கும்" என்று அவர் சொன்னதைக் கேட்டதால்தான் இட்லி இட்லியாகத் தெரிந்தது.

இஸ்திரிப்பெட்டியால் கவர்களை ஒட்ட வைப்பதற்கு முன் எங்களைத் தடுத்து நிறுத்திய வேதியியல் ஆசிரியருக்கும் நன்றி. பி.வி.சி. என்ற வகைப் பிளாஸ்டிக்கை மட்டும் சூடாக்கவே கூடாது, அமிலப் புகை வரும் என்று எச்சரித்து, சாக்கைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நம் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துருவலைப் பூசி, அதன்மேல் தார் கலந்து சாலை போட்டதையும், அதற்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்றதையும் பிள்ளைகளுக்குச் சொன்னவரும் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு பையன் எல்லாரிடமும் "அந்த ரோட்டைச் சாப்பிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தான். வாட்டர் பாட்டிலைச் சீவி ஜிகர்தண்டாவுக்குக் கடல்பாசி செய்தவன் அவன்தான்.

பணம் தருகிறோம், எங்கள் பாக்கெட்டின் பெயர் மட்டும் தெரியக் கூடாது என்று கேட்ட நிறுவனத்துக்கும் ஒரு வணக்கம். அந்தப் பணம் வாங்காததால் மைக்செட் இல்லை, தலைவலியும் இல்லை.

பொருள்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டோம். பாட்டில்களும் பால் கவர்களும் அண்ணாச்சி கடைக்கே திரும்பப் போகின்றன. வெள்ளித்தட்டை வாங்கத்தான் ஆளில்லை, வேண்டுபவர்கள் சொல்லுங்கள்.

டம்ளர் கொண்டு வந்தால் பருத்திப்பால் இலவசம் என்று சொல்லியிருந்தோம் இல்லையா? குடித்துவிட்டு டம்ளரை மறந்து போனவர்கள் நிறைய. மு.செ. என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர், ஒரு பித்தளைச் சொம்பு, மூடியில்லாத ஒரு தூக்கு, இன்னும் சில. எல்லாவற்றையும் மாஸ்டர் கடையில் கொடுத்து வைத்திருக்கிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் மாவு பிசைந்துகொண்டிருப்பார், பேச மாட்டார்.