அல்சூர் ஏரிக்கரையில் உதவிய பெரியவருக்கு நன்றி

கடந்த ஞாயிறு காலை பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில், என் தந்தையார் விட்டுச்சென்ற 1989ஆம் ஆண்டு மாருதி 800 நின்றுபோனபோது, ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு வந்து உதவிய பெரியவருக்கு இப்பதிவின் வழியே நன்றி தெரிவிக்கிறேன். ஓராண்டாக ஓட்டாமல் பழைய பெட்ரோலையே வைத்திருந்தது முழுக்க என் தவறு.

சுஸுகி ஆல்ட்டோவின் வழிவந்த இந்த வண்டியின் 796 சிசி, மூன்று சிலிண்டர் இயந்திரத்தை அவர் கைரேகைபோல் அறிந்திருந்தார். முதலில் ஸ்பார்க் பிளக்கில் பொறி வருவதைப் பார்த்தார்; பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றி, பம்ப் வேலை செய்வதை உறுதிசெய்துகொண்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து, பிசின்போல் படிந்த கசடு, பெட்ரோல் செல்லும் நுண்துளையுள்ள ஜெட்டை அடைத்திருப்பதைக் காட்டினார். நான் கம்பியை நீட்டியதும், "வேண்டாம் தம்பி, பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்" என்று தடுத்து, அருகிலிருந்த பஞ்சர் கடையின் காற்றுக்குழாயால் ஊதியே சுத்தம் செய்தார்.

அழகுக்காக நான் பொருத்தியிருந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டரைப் பார்த்து அவர் முகம் சுளித்தது நியாயமே. பழைய ஏர் ஃபில்டர் பெட்டியையே மீண்டும் மாட்டிவிட்டேன். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. சாலையில் புதிய பெட்ரோல் ஃபில்டரும் வாங்கியாயிற்று.

பணத்தை மறுத்து, ஒரு தேநீர் மட்டும் அருந்திய அவர் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். ஐயா, வண்டி இப்போது, குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்ப உதவும் சோக்கை இழுக்காமலேயே கிளம்புகிறது.