குதிரைக்கு, பினாங்குல இருந்து

அடியே குதிர,

எப்படி இருக்க, அண்ணன் எப்படி இருக்காரு, சின்னவன் புது ஸ்கூல்ல செட் ஆயிட்டானா? இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டு வலி மட்டும் விடமாட்டேங்குது, இந்த தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை படி ஏற முடியாம கீழயே நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டாங்க. வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ ஸ்பீடை ஏத்தி வச்சு சமையல் பண்ணிக்கிட்டே கேப்ப, அதான் உக்காந்து டைப் பண்றேன், முழுசா படி.

நம்ம செஸ் கிளப் விஷயம்தான். நீ கேஎல் போனதும் கிளப்பை மறந்துட்டன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் நம்பல, அதனாலதான் உனக்கு எழுதுறேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டம் முடியாம நின்னுடுச்சு. ஹால் கதை உனக்குத் தெரியும், பத்தரைக்கு செக்யூரிட்டி கார்டு மேல வந்து ஃபேனை அணைப்பாரு, அப்புறம் லைட். ஆட்டம் நிக்கிறது புதுசு இல்லலா, ஆனா இந்த தடவை கமிட்டி ஒரு முடிவு எடுக்கப் போகுது: முடியாத ஆட்டம் எதையும் இனிமே ரேட்டிங்குக்கு, அதான் ஆளோட திறமைக்குப் போடற புள்ளிக்கு, எடுக்கறது இல்ல, ஆடவே இல்லன்னு வச்சுக்கலாமாம். வர்ற வெள்ளி மீட்டிங்ல கை தூக்கி பாஸ் பண்ணிடுவாங்க. ரேட்டிங் ஷீட் இப்ப என் கையில இருக்கு, அந்த ஆட்டத்தை நான்தான் அழிக்கணும். எனக்கு மனசு ஆறவே இல்லடி.

ஆட்டம் யாருக்கும் யாருக்கும்னு சொல்லிடறேன். பட்டர்வொர்த்துல இருந்து அப்பாவோட ஃபெர்ரி ஏறி வருமே, பேசவே பேசாத பொண்ணு, அது ஒயிட். பிளாக் நம்ம பேங்க் அங்கிள். பத்து மணிக்கு மத்த போர்டெல்லாம் முடிஞ்சு எல்லாரும் சுத்தி நிக்கிறோம். பொண்ணோட ராஜா டி8 கட்டத்துல, சிப்பாய் டி7, ராணி ஆக இன்னும் ஒரே கட்டம், ஆனா ராஜாவே குறுக்க நிக்குது. ரூக், அதான் யானை, எஃப்1. அங்கிள் ராஜா ஜி7, ரூக் சி2. உனக்கு இதுக்குள்ள சிரிப்பு வந்திருக்கும், வாத்தியார் நம்மளை வெயில்ல நிக்க வச்சு சொல்லிக்கொடுத்த அதே லூசெனா, வழி தெரிஞ்சா ஒயிட் ஜெயிக்கற பொசிஷன். தெரியாதவங்க ராஜாவை வெளிய எடுப்பாங்க, செக்கா வாங்குவாங்க, சுத்தி சுத்தி வருவாங்க. இந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் கையை மடியில வச்சுக்கிட்டு பார்த்துச்சு, அப்புறம் ரூக்கை எடுத்து எஃப்4-ல வச்சுச்சு. பாலம் கட்டுறதுக்கு முதல் கல்லு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பின்னாடி செக் மேல செக் வந்தாலும் ராஜா டி5 வரைக்கும் இறங்கி வரும், ரூக் டி4-ல வந்து மறைச்சுக்கும், அதோட முடிஞ்சுது, இது அந்தப் பொண்ணுக்குத் தெரியும்ங்கறது அந்த ஒரு மூவ்லயே தெரிஞ்சுது.

அங்கிளுக்கும் தெரிஞ்சுது. அவர் கிளாக்ல இருபது நிமிஷத்துக்கு மேல இருந்துச்சு. யோசிச்சாரு. யோசிச்சுக்கிட்டே இருந்தாரு. கார்டு வந்து ஃபேனை அணைச்சாரு.

அங்கிளை நான் குத்தம் சொல்லல, அவர் நேரம் அவருக்கு, நீயும் நானும் அந்த இடத்துல இருந்தாலும் யோசிச்சிருப்போம். குத்தம் ரூல் மேல. ஏன்னு கணக்குல பாரு. பொண்ணு 1480, அங்கிள் 1720, 240 வித்தியாசம். ரேட்டிங் வித்தியாசத்துக்கு எவ்வளவு பாயிண்ட் வரும்னு சொல்ற எலோ டேபிள்படி பொண்ணுகிட்ட எதிர்பார்க்கறது 0.20 பாயிண்ட்தான். கிடைச்ச பாயிண்டுக்கும் எதிர்பார்த்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கற எண், கே, நம்ம கிளப்ல 20, அப்ப ஜெயிச்சா பொண்ணுக்கு 16 கூடும், டிரா ஆனா 6 கூடும், தோத்தா 4 கழியும். அங்கிளுக்கு அப்படியே தலைகீழ். இதுல "முடியலன்னா கணக்கு இல்ல"ன்னு ரூல் வந்தா, தோக்கப் போறவருக்கு மைனஸ் 16-ஐ சைபர் ஆக்க ஒரே ஒரு வேலைதான், பத்தரை வரைக்கும் உக்காந்திருக்கணும். ரூலே ஆளை உக்காரச் சொல்லுது! அப்புறம் நாம யாரை நல்லவங்க கெட்டவங்கன்னு பேசறது?

கமிட்டி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ரேட்டிங் ரிசல்ட்டை வச்சு போடறது, ரிசல்ட்டே இல்லாத ஆட்டத்துக்கு எதைப் போடுவ, ஊகத்துல போட்டா மொத்த ஷீட்டும் கெட்டுப்போகும்னு கமிட்டியில இருக்கற டாக்டர் சொல்றாரு. கேட்க சரியாத்தான் இருக்கு. ஆனா எந்த ஆட்டம் முடியாம நிக்குதுன்னு யோசி. இருபது மூவ்ல ராணியை விட்டுட்டு எழுந்து போற ஆட்டம் நிக்குமா? நிக்காது. நிக்கிறதெல்லாம் நீளமான ஆட்டம், காய் கொஞ்சமா மிஞ்சற என்ட்கேம், ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் விடாம போராடினது. அதை மட்டும் பொறுக்கி எடுத்து தூக்கிப் போட்டா, பொறுமையா ஆடற பிள்ளைங்க ரேட்டிங்ல அவங்க சீக்கிரம் தோத்த ஆட்டம்தான் மிஞ்சும். என்ட்கேம் தெரிஞ்சவங்களுக்கு அதுக்கு மார்க்கே கிடையாது. பாயசம் வர்றதுக்குள்ள மண்டபத்தை சாத்திட்டாங்கன்னு பந்தியே நடக்கலன்னு சொல்ல முடியுமா?

உலகத்துல எங்கயும் அப்படி இல்ல. உலக செஸ் சம்மேளனம் ஃபிடேயோட ரூல் என்ன சொல்லுது, ஆள் வராம போன ஆட்டத்தை ரேட்டிங்குக்கு எடுக்காதே, ஆனா ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூவ் வச்சுட்டா ஆட்டம் ரேட்டிங்குக்கு வரும், கை மீறின சம்பவம் எதாவது நடந்தா ஒழிய. பத்தரைக்கு ஹால் மூடறது கை மீறின சம்பவமா, வாரா வாரம் நடக்கறது. 2022-ல சின்க்ஃபீல்ட் கப் போட்டியில அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் மூணு ரவுண்டுக்கு அப்புறம் கிளம்பிப் போனாருல்ல, பாதி கூட ஆடலன்னு அவர் ஆட்டத்தையெல்லாம் போட்டியோட பாயிண்ட் டேபிள்ல இருந்து எடுத்தாங்க, ஆனா ரேட்டிங்ல இருந்து எடுக்கல. அங்க நீமன்ங்கறவர் அவரை ஜெயிச்சது ஜெயிச்சதுதான். போட்டியோட கணக்கு வேற, ஆடின ஆட்டத்தோட கணக்கு வேற. இதை கமிட்டியில சொன்னா, டாக்டர் உடனே கார்ப்போவ் காஸ்பரோவ் உலக சாம்பியன் மேட்சை இழுக்கறாரு. 48 ஆட்டம் ஆடின மேட்சையே 1985 பிப்ரவரியில ஃபிடே தலைவர் காம்போமானெஸ் ரிசல்ட் இல்லாம நிறுத்தலையா, நாம ஒரு ஆட்டத்தை நிறுத்தக் கூடாதான்னு. நிறுத்தினது மேட்சை! உள்ள இருக்கற 48 ஆட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் ரிசல்ட் இருக்கு, கார்ப்போவ் 5, காஸ்பரோவ் 3, மிச்சம் 40 டிரா. அதுவும் 5-3 லீடு போய் சைபர்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சதுல யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை ஓயல. அதைப் போய் முன்னுதாரணமா காட்டலாமாடி?

சரி, கணக்குல சேர்க்கணும்னா எப்படி சேர்க்கறதுன்னு கேப்ப. தம்பி ஃபோனை எடுத்து ஸ்டாக்ஃபிஷ்ல, அதான் செஸ் ஆடற கம்ப்யூட்டர் எஞ்சின்ல, போட்டா முடிஞ்சுது, அது யாரு ஜெயிக்கறான்னு சொல்லிடும்னான். அதுக்கும் நான் ஒத்துக்கல. சிங்கப்பூர்ல உலக சாம்பியன் மேட்ச்ல குகேஷ் கடைசி ஆட்டத்தன்னிக்கு நீ எனக்கு ஃபோன் போட்டு கத்துனியே, ஞாபகம் இருக்கா? 2024 டிசம்பர் 12, ஸ்கோர் 6.5-6.5, பதினாலாவது ஆட்டம், ரூக்கும் பிஷப்பும் இருக்கற என்ட்கேம், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட, ஆனா எஞ்சினும் சரி பெரிய பெரிய கிராண்ட்மாஸ்டரும் சரி டிரான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 55-வது மூவ்ல எதிராளி டிங் ரூக்கை எஃப்2-க்கு எடுத்தாரு, ரூக்கை மாத்தி பிஷப்பை மாத்தி ஆட்டம் முடிஞ்சுது, பதினெட்டு வயசுல நம்ம பையன் உலக சாம்பியன். 54-வது மூவ்ல கார்டு வந்து ஃபேனை அணைச்சு, எஞ்சின் தீர்ப்பு சொல்லியிருந்தா? எஞ்சின் சொல்றது எஞ்சின் ஆடினா என்ன ஆகும்னு. நம்ம கிளப்ல பிஷப்பும் குதிரையும் வச்சு மேட் பண்ணத் தெரிஞ்சவங்க எத்தனை பேரு? எஞ்சினுக்கு அது ஜெயிச்ச ஆட்டம், நம்மாளுக்கு ஐம்பது மூவ் ஓடி டிரா. ரேட்டிங் ஆளோட திறமைக்குத்தானே போடறோம்.

அப்புறம் பழைய வழி இருக்கு. மூவை எழுதி கவர்ல ஒட்டி மைலோ டின்ல போட்டு அடுத்த வாரம் தொடர்றது. உன் கவரைப் பத்தி நான் பேச மாட்டேன், வாக்கு கொடுத்திருக்கேன். ஆனா அந்த ஒரு வாரம் நாம எப்படி இருந்தோம்! மாமாக் கடையில தே தாரிக் ஆறிப்போக ஆறிப்போக பாக்கெட் செட்டை வச்சுக்கிட்டு அதே பொசிஷனை எத்தனை தடவை ஆடியிருப்போம். 1972 உலக சாம்பியன் மேட்ச்ல ஸ்பாஸ்கி 21-வது ஆட்டத்துல மூவை கவர்ல வச்சுட்டுப் போனவர் மறுநாள் போர்டு பக்கமே வராம ஃபோன்லயே ரிசைன் பண்ணாருன்னு வாத்தியார் சொல்லுவாரே, ராத்திரி முழுக்க யோசிச்சு தானே தோல்வியைக் கண்டுபிடிச்சவர்னு. இப்ப அது நடக்காது. வீட்டுக்குப் போற வழியிலயே ஃபோன் சொல்லிடும். 90-களோட அந்தப் பழக்கம் செத்துப் போனதுக்கும் கம்ப்யூட்டர் இப்படி சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சதுதான் காரணம், அதை உயிர் கொடுத்து எழுப்ப முடியாது, எனக்கும் வருத்தம்தான்.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ஆரம்பிச்ச ஆட்டம் கணக்குல வரணும், அது முடியறதுக்கு நேரம் கொடுக்கறது கிளப் வேலை. இப்ப நாம வச்சிருக்கறது ஆளுக்கு 60 நிமிஷம், அதோட மூவுக்கு மூவ் 30 செகண்ட் கூடும், அதான் இன்க்ரிமென்ட். அறுபது மூவ் போனா ஆளுக்கு 90 நிமிஷம், ரெண்டு பேருக்கும் மூணு மணி நேரம், எட்டுக்கு ஆரம்பிச்சா பதினொண்ணு. ஹால் பத்தரைக்கு மூடும்! இந்தக் கணக்கை இத்தனை வருஷமா யாருமே போடலையேடி. 45 நிமிஷம், மூவுக்கு 15 செகண்ட்னு மாத்தினா அறுபது மூவ் சரியா பத்து மணிக்கு முடியும், நூறு மூவ் போனாலும் 10.20. அறுபது மூவுக்கு ஆளுக்கு 60 நிமிஷம் வர்றதால ரேபிட், அதான் வேக ஆட்டம்னும் யாரும் சொல்ல முடியாது, அதுக்கு 60-க்குக் கீழ இருக்கணும். பெரியவங்களுக்கு அவசரமா இருக்கும்னு டாக்டர் முனகறாரு. ஃபிடே 2024 மார்ச்ல 2000-க்குக் கீழ இருக்கறவங்களுக்கெல்லாம் ரேட்டிங்கைத் தூக்கி விட்டப்ப, 1500-ல இருந்து 1700 ஆயிட்டேன்னு மாமாக் கடையில எல்லாருக்கும் ரோட்டி சானாய் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ரேட்டிங் அவருக்கு எவ்வளவு முக்கியமோ அந்தப் பொண்ணுக்கும் அவ்வளவு முக்கியம்.

பொண்ணு அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. ஸ்கோர்ஷீட்டை நாலா மடிச்சு பைக்குள்ள வச்சுச்சு. அவங்க அப்பாதான் படி இறங்கும்போது என்கிட்ட, "டீச்சர், எம்மவ ஜெயிச்சிட்டாளா இல்லியா?"ன்னு கேட்டாரு. அவருக்கு ஆட்டம் தெரியாது, வாரா வாரம் வெளி பெஞ்சுல உக்காந்திருப்பாரு. வெள்ளிக்கிழமை மீட்டிங் இருக்கு, அதுல முடிவு பண்ணுவோம்ணேன்னு சொன்னேன். ஆட்டத்துல ஜெயிச்சோமான்னு மீட்டிங்ல கை தூக்கி முடிவு பண்ணுவாங்கன்னு ஒரு பிள்ளைக்கு எப்படிடி புரிய வைப்ப?

அங்கிளுக்கு ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணேன். கோச்சுக்குவாருன்னு நெனச்சேன், கோச்சுக்கல. "ஆடலாம்மா, அதே பொசிஷன், அதே டைம், உன் வீட்டுலயே வை. பாலம் எனக்கும் தெரியும், அவளுக்கு முழுசா தெரியுமான்னு பாக்கணும்ல"ன்னாரு. ரெண்டு பேர் கிளாக்ல இருந்த நேரத்தையும் நான் அன்னைக்கே எழுதி வச்சுட்டேன். லூசெனாவுக்கு எஞ்சினும் தேவையில்ல, எல்லா புத்தகத்துலயும் இருக்கு, வீட்டுக்குப் போய் பார்த்துட்டு வந்தா யாருக்கும் ஒண்ணும் கூடாது குறையாது, இந்த ஒரு ஆட்டத்தைத் தொடர்ந்து ஆட அது போதும். கமிட்டி ஒத்துக்கணும், அவ்வளவுதான்.

அதுக்குத்தான் நீ வேணும். கிளப்போட முதல் செக்ரட்டரி நீ, உன் கையெழுத்துல இருக்கற பழைய ரூல் பேப்பர் இன்னும் ஃபைல்ல இருக்கு, "முடியாத ஆட்டம் தொடரப்படும்"னு நீதான் எழுதியிருக்க. நான் பேசினா டீச்சர் பாடம் நடத்தறாங்கன்னு சொல்றாங்க, நீ எழுதினா வாயை மூடிக்கிட்டு கேப்பாங்க. அரைப் பக்கம் போதும். அந்த ஆட்டம் தொடரணும், இனிமே 45-ம் 15-ம், ஆரம்பிச்ச ஆட்டம் எல்லாம் ரேட்டிங்ல வரணும். வியாழக்கிழமைக்குள்ள அனுப்பு, கையில எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி.

இன்னொண்ணு, நம்மகிட்ட இருக்கற டிஜிட்டல் கிளாக்ல ரெண்டு பட்டன் அமுங்க மாட்டேங்குது, நேரத்தை இறுக்கினா அதை வச்சு சமாளிக்க முடியாது. ஆகஸ்ட்ல மிட்வேலி சிட்டிடெல் ஹோட்டல்ல செஸ் ஃபெஸ்டிவல் நடக்கறப்ப சின்னவனைக் கூட்டிக்கிட்டுப் போவல்ல, அங்க வருவாங்களே சாமான் விக்கிறவங்க, இன்க்ரிமென்ட் வைக்கிற கிளாக் என்ன விலைன்னு கேட்டு வை. காசு நான் அனுப்பறேன்.

அண்ணனுக்கு வணக்கம் சொல்லு.

உன்,
மந்திரி