உன் விரல் யாரிடம் இருக்கிறது?

பாளையங்கோட்டை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்து, போன வாரம்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது. மூட்டுவலிக்கு டாக்டரைப் பார் என்று எழுதியிருந்தேனே, அதற்கு மட்டும் நீ பதிலே சொல்லவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். யுபிஐயில் பின் நம்பருக்குப் பதில் விரல் ரேகையை மகன் வைத்துக் கொடுத்துவிட்டான், பயமாக இருக்கிறது என்கிறாய். அதே கடிதத்தில், அபார்ட்மென்ட் கேட்டில் முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின் வரப்போகிறது என்று குஷியாக எழுதியிருக்கிறாய். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. போனுக்கு நீ இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கேட்டுக்குத்தான் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

போன் உன் ரேகையை போட்டோவாக எடுத்து பேங்குக்கு அனுப்புவதில்லை. ரேகையின் அடையாளங்களை எண்களாக மாற்றி, மற்ற ஆப் எதுவும் தொட முடியாத தனி இடத்தில் பூட்டி வைத்துக்கொள்கிறது. நீ விரல் வைக்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதும் அங்கேயேதான். ‘ஆள் சரிதான்’ என்ற பதில் மட்டும் வெளியே போகும். 2013-ல் ஐபோனில் வந்த ஏற்பாடு இதுதான். 2025 அக்டோபரில் யுபிஐக்கு வந்ததும் இதே வழியில்தான். கடை மெஷினில் போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்களே, அதிலும் இப்படித்தான். போனுக்கும் மெஷினுக்கும் நடுவே போகும் ரேடியோ அலை சாதாரணமாக நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. அதில் போவது உன் கார்டு எண்ணுக்குப் பதிலாகக் கொடுத்த ஒரு மாற்று எண்ணும், அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் ஒரு குறியீடும். விரல் ரேகை காற்றில் போவதே இல்லை.

ஏமாற்றவே முடியாதா என்றால், முடியும். அந்த ஐபோன் கடைக்கு வந்த சில நாளிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கத்துக்காரர்கள் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்து, போலி விரல் செய்து திறந்து காட்டினார்கள். ஆனால் திருடனுக்கு உன் ரேகையோடு உன் போனும் கையில் வேண்டும். எனக்குத் திருடனைவிடப் பேரன்மேல்தான் சந்தேகம். விளையாடுவதற்கு அவன் விரலையும் உன் போனில் பதிந்து வைத்திருக்கிறாயா? வைத்திருந்தால் அந்தப் போனைப் பொறுத்தவரை அவனும் நீயும் ஒன்றுதான். இன்றே எடுத்துவிடு.

நான் பேங்கில் இருந்தபோது கைநாட்டு வைக்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களுக்கு செக் புக் கிடையாது. பாஸ்புக்கோடு நேரில் வர வேண்டும், போட்டோவையும் ஆளையும் பார்த்து, எங்கள் முன்னால் ரேகை வைத்த பிறகுதான் பணம். ரேகை ஒன்றை மட்டும் நம்பி நாங்கள் யாருக்கும் பணம் கொடுத்ததில்லை. அதற்கெல்லாம் முன்னாலேயே, 1858-ல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற காண்ட்ராக்டரிடம் ஒப்பந்தத்தில் உள்ளங்கையையே பதித்து வாங்கினார். பின்னால் மறுக்கக் கூடாது என்றுதான். இந்தத் தொழில்நுட்பம் நம் நாட்டுக்குப் புதிதில்லை, பார்.

இப்போது ஏஇபிஎஸ் என்று ஆதார் வழியாகப் பணம் எடுக்கிறார்கள் இல்லையா, அது உன் போனுக்கு நேர்மாறு. ஆதார் எண், பேங்க் பெயர், விரல், இவ்வளவுதான். ஓடிபி கிடையாது, பின்னும் கிடையாது. விரல் ரேகை, மற்றவர்கள் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டு, மெஷினிலிருந்து மத்திய ஆதார் கிடங்குக்குப் போய் அங்கே ஒப்பிடப்படுகிறது. பேங்க் கிளையே இல்லாத ஊரில் முதியோர் பென்ஷன் வாங்கும் பாட்டிக்கு அது பெரிய உபகாரம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொத்துப் பத்திரங்களில் வைத்த ரேகைகளைப் பதிவுத்துறை இணையதளங்களிலிருந்து எடுத்து, சிலிகோனில் அச்சு வார்த்து, அடுத்தவர் கணக்கிலிருந்து பணம் உருவியதாகப் பல மாநிலங்களில் வழக்குகள் வந்தன. அதனால் உன் ஆதாரில் பயோமெட்ரிக்கை, அதாவது விரல், கண், முக அடையாளங்களை, பூட்டி வை. ஆதார் அமைப்பின் ஆப்பிலேயே செய்யலாம். பூட்டியிருக்கும்போது யாராவது உன் ரேகையைப் போட்டால் 330 என்று பிழை காட்டும். தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். ரேஷன் கடைக்கு நீயே போகிறாய் என்றால் போவதற்கு முன் திறக்க மறக்காதே, இல்லாவிட்டால் வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் உன்னைத் திட்டுவார்கள்.

இனி உங்கள் கேட். அங்கே உன் முகம் உன்னிடம் இருக்காது. மெஷினிலோ, அதை விற்ற கம்பெனியின் சர்வரிலோ எல்லோருடைய முகத்தோடும் சேர்ந்து இருக்கும். 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்தே 56 லட்சம் பேரின் கைரேகை திருடு போனது. 2019-ல், கதவு திறக்கவே பயன்படும் பயோஸ்டார் 2 என்ற அமைப்பின் தரவுத்தளம் இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைரேகைப் பதிவுகள் அதில் இருந்ததாகக் கண்டுபிடித்தவர்கள் சொன்னார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்துக்கு என்ன செய்வாய்?

இன்னொன்று. போன் ‘இது மல்லிகாதானா?’ என்று மட்டும் பார்க்கிறது. கேட் மெஷினோ வந்து நிற்கிற முகத்தைப் பதிந்து வைத்த அத்தனை முகங்களோடும் ஒப்பிட வேண்டும். ஆள் கூடக் கூட, தப்பாக ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். அதைக் குறைக்க மெஷினைக் கண்டிப்பாக வைத்தால், குடியிருப்பவர்களே மழையில் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேலைக்காரம்மாக்கள் விஷயம். நீங்கள் கூட்டம் போட்டு ஓட்டெடுப்பீர்கள். சமையலுக்கு வருகிறவரையும் டிரைவரையும் யார் கேட்பார்கள்? முகம் கொடுக்காவிட்டால் வேலைக்கு வராதே என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? விரல் மெஷின் வைத்தாலும் அவர்களுக்குத்தான் சிரமம். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மங்கியிருக்கும். ரேஷன் கடையில் அதனால் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழையபடி கேட்டில் காட்டித் திறக்கும் கார்டே போதும் என்பேன். அதிலும் மலிவானதை வாங்கினால் சாவிக் கடையிலேயே நகல் எடுத்துவிடுவார்கள், மறைகுறியாக்கம் உள்ள கார்டாகப் பார்த்து வாங்கச் சொல். தொலைந்தால் அந்தக் கார்டை ரத்து செய்துவிட்டு வேறு கொடுத்துவிடலாம். மெஷின்தான் வேண்டும் என்று செக்ரட்டரி பிடிவாதம் பிடித்தால், முகம் எங்கே சேமிக்கப்படும், வீடு காலி செய்து போகிறவர்களுடையதை யார் அழிப்பார்கள், முகம் கொடுக்க மறுக்கிறவருக்கு வேறு வழி உண்டா என்று கூட்டத்தில் கேள். பதிலை எழுத்தில் வாங்கு. வாயால் சொல்வதெல்லாம் ஏஎம்சி என்ற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் கையெழுத்தானதும் காற்றோடு போய்விடும்.

அப்புறம், தை மாதம் தம்பி மகன் கல்யாணத்துக்குச் சென்னை வருகிறேன், உன் வீட்டில்தான் தங்குவேன். அதற்குள் மெஷின் வந்துவிட்டால் நீயே கீழே வந்து என்னை அழைத்துப்போக வேண்டும்; நான் முகம் கொடுக்கப்போவதில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன். கூட்டத்தில் என்ன முடிவானது என்று எழுது.

அன்புடன்,
செல்வி