பெரியம்மாவின் தலைமுடியும் கிணற்றடிப் பட்டிப்பூவும்

நீர்வேலி

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் பெரியம்மாவின் தலையைக் கண்டதும் நீ கதையை மாற்றினாய். அக்கா கவனிக்காமல் இல்லை. "பிள்ளை பயந்திட்டாள்" என்றார், அவ்வளவுதான். கோலில் விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் இடையில் நான் அழுதுவிடுவேன். அதுதான் எழுதுகிறேன்.

முடி கொட்டியது நோயால் இல்லை, மருந்தால்.

இழையுருப்பிரிவை, அதாவது உடலின் கலம் ஒன்று இரண்டாகப் பிரிவதை, உனக்குப் படிப்பித்ததே நான்தான். எங்கள் தோட்டத்து வெங்காயத்தின் வேர்நுனியை நசுக்கிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் வெங்காயக் கலத்தில் 16, எங்களில் 46. கலம் பிரிய முன்னம் ஒவ்வொன்றும் இரட்டிக்கும். பிறகு எல்லாம் நடுவில் வரிசையாக நிற்கும். இரு முனைகளிலிருந்தும் வரும் கதிர்நார்கள் என்ற மெல்லிய இழைகள் பிடித்து இழுக்க, இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒரே தொகுதி போய்ச் சேரும். 1882இல் பிளெமிங் என்ற ஜெர்மானியர் இதற்கு நூலிழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பெயர் வைத்தார். எங்கள் பாடநூல்காரர் அதை 'இழை' என்று பிடித்தது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பெரியம்மாவுக்கு வந்திருப்பது நிணநீர்ப் புற்றுநோய். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல் கலங்கள் பிரிந்துகொண்டே போகின்றன. அவருக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். அது கதிர்நார்களை உருவாகவே விடாது. நிறமூர்த்தங்கள் சிதறிக் கிடக்கும், நடுவில் வரிசைப்படுத்தவும் இழுக்கவும் ஆளில்லை. கலம் அப்படியே மாட்டுப்பட்டுச் சாகும். ஆனால் மருந்துக்கு ஆள் தெரியாது. முடிவேர், வாயின் உட்தோல் என்று அடிக்கடி பிரிகிற நல்ல கலங்களும் அதில் அகப்படும். கூட ஏற்றும் மற்ற மருந்துகளும் அப்படித்தான். வாய்ப்புண்ணால் ஒரு கிழமையாகக் கஞ்சிதான் குடிக்கிறார்.

விரல் விறைப்புத்தான் எனக்குப் புதிராக இருந்தது. நரம்புக் கலம் பிரிவதில்லையே? கேட்டபோது டொக்டர் சொன்னார்: கதிர்நார் செய்யும் அதே பொருளால் ஆன நுண்குழாய்கள் வழியாகத்தான் நரம்புக்குள் சாமான் போய்வருகிறதாம். அந்தப் பாதையும் பழுதாகிறது. இப்போது அக்காவின் சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுகிறேன்.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டாய். வின்கிறிஸ்டின் எடுப்பது பட்டிப்பூச் செடியிலிருந்து. நீ பிள்ளையாருக்கு ஆய்ந்து வைப்பாயே, கிணற்றடியில் நிற்பது, அதேதான். இதைத் தெரியாமல் பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே இலையை அவித்துக் கொண்டுவந்துவிட்டார். கிலோக்கணக்கில் காய்ந்த இலை எடுத்தாலும் ஒரு கிராம் தேறாது, செடியில் வேறு நஞ்சுகளும் இருக்கு என்று பேசி அனுப்பினேன். இப்போது என்னோடு கோபம்.

இன்னும் இரண்டு தடவை ஏற்றவேண்டும். முடிவேர் அடியோடு சாகவில்லை. மருந்து நின்று சில கிழமைகளில் அந்தக் கலங்கள் திரும்பப் பிரியத் தொடங்கும், முடியும் முளைக்கும்.

வாற ஞாயிறு கோல் எடு. அக்கா தலையில் ஒன்றும் கட்டமாட்டாராம், புழுக்கம். ரொறன்ரோவில் மெல்லிய பருத்தித் தொப்பி கிடைத்தால் ஒன்று அனுப்பட்டாம். கறுப்பு வேண்டாமாம்.

அம்மா